தண்ணீர் படாத கப்பல்

உலகத்தில் கப்பல் வாங்கினவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். வாங்கின கப்பலைத் தண்ணீர் படாமல் வருஷக்கணக்கில் காப்பாற்றினவர் கப்பல் அண்ணாச்சி ஒருவர்தான். இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். புனேயில் எங்கள் நிக்டி காலனியில் தமிழ்க்காரர்களுக்கு அவர் கப்பல் அண்ணாச்சி, மராத்திக்காரர்களுக்கு ஜஹாஜ்வாலே காகா. என்னைவிட வயதில் சின்னவர். அதனாலென்ன, நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அக்கா என்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் அங்கே ரம்பம் போட்டால் இங்கே என் அலமாரியில் டம்ளர் ஆடும்.

பிறந்தது தூத்துக்குடி. கடலைப் பார்த்து வளர்ந்தவர், அதனால் கப்பல் ஆசை என்று காலனிக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவர் கடலில் முழங்கால் நனைத்ததில்லை. பம்பாய்க்குப் போனபோது படகில் ஏறச் சொன்னதற்கு, கரையில் நின்றபடியே அவருக்கு வாந்தி வந்துவிட்டது என்று அவர் பெண்டாட்டி கோமதி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவருக்குச் சாகண் என்ற ஊரில், வண்டி செய்கிற கம்பெனியில் வேலை. பெயின்ட் அடித்து வருகிற புது வண்டியை டியூப்லைட் வெளிச்சத்தில் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். கடுகளவு புள்ளி இருந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே அவர் கைக்குப் பயப்படாத ஆள் இல்லையாம்.

கப்பல் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்கியில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனிடம் போனார். அவரிடமிருந்து வாங்கியது. பழைய காலத்துப் போர்க்கப்பல் மாதிரி செய்தது. என் வீட்டுக்காரரைக் கிடத்தினால் என்ன நீளம் வருமோ, அதற்கு மேல் ஒரு சாண். உள்ளே மோட்டாரும் பேட்டரியும் உண்டு, தூரத்தில் நின்று ஓட்ட ஒரு ரிமோட் உண்டு. மற்றபடி வெறும் உடம்புதான்.

கீறல் விழக்கூடாது என்று தலையிலிருந்து கடைசிவரை வெள்ளை வேட்டி சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, டெம்போவிலிருந்து நாலு பேர் இறக்கினார்கள். கீழ்வீட்டு மராத்திக்கார காக்கு புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். ஸ்கூட்டரில் போனவர் ஒருவர் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். யார், எப்போது நடந்தது என்று காக்கு மெல்லக் கேட்டாள். அண்ணாச்சிக்கு மாடிப்படி வளைவில் எப்படித் திருப்புவது என்றுதான் கவலை. "இது உடம்பு மட்டும்தான், மத்த பாகமெல்லாம் நாளைக்கு வரும்" என்று நல்ல மராத்தியில் சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டார். காக்கு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர்கள் வீட்டில் ஒரே படுக்கையறை. அதில் ஒரே கட்டில். கப்பலுக்கு வேறு எந்த இடமும் பற்றவில்லை. அதனால் கப்பல் கட்டிலில் படுத்தது. அண்ணாச்சியும் கோமதியும் தரையில் பாய் போட்டுக்கொண்டார்கள். முதுகு வலிக்கிறது என்று கோமதி சொன்னால், தரையில் படுப்பது முதுகுக்கு நல்லது என்பார். அப்படியானால் கப்பலைத் தரையில் போடலாமே என்றால், கப்பலுக்கு முதுகு வேறு மாதிரி என்பார்.

அதன்பிறகு அந்த வெறும் உடம்புக்கு அவர் செய்த அலங்காரம் இருக்கிறதே, பெற்ற மகளுக்குக்கூட அவ்வளவு செய்யவில்லை. மறுநாள் வந்த பீரங்கிகளை அசைகிற மாதிரி பொருத்தினார். ஓரம் முழுக்க மெல்லிய கம்பியில் கைப்பிடி வைத்தார். கோமதியின் அறுந்த கொலுசு நங்கூரச் சங்கிலி ஆனது. கயிறு கட்ட நூல் வேண்டும், கடை நூல் எல்லாம் தடிமன் என்று என்னிடம் வந்து நின்றார். என் கல்யாணப் பட்டின் கிழிந்த ஓரத்திலிருந்து இழை உருவிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தக் கொடிமரத்திலிருந்து இறங்குகிற கயிறு கூறைப்பட்டுதான். எந்த நாட்டுக் கப்பலுக்கு அந்த மரியாதை இருக்கிறது?

விரல் நகம் உயரத்துக்கு மாலுமிகள் செய்தார். ஒவ்வொருவனுக்கும் கண், மூக்கு, மீசை. அதில் ஒருவன் அப்படியே என் வீட்டுக்காரர் ஜாடை. தொப்பையைக்கூட விடவில்லை. இவரை எதற்கு அண்ணாச்சி பட்டாளத்தில் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். சண்டைக்கு இல்லை, சமையலுக்கு என்றார். என் வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. அந்தக் கப்பலில் பட்டினி கிடந்திருப்பார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தபோதுதான் துரு ஆரம்பித்தது. பளபளவென்று பெயின்ட் அடித்த கப்பலுக்கு, நாய் முடி மாதிரி ஒரு பிரஷ் வைத்துக்கொண்டு, துருப் பூசினார். நங்கூரம் தொங்குகிற இடத்தில் ஒழுகின துரு, ஆணித் தலையில் துரு, புகைக்குழாயில் கரி. பகலெல்லாம் கம்பெனியில் புள்ளியைப் பார்த்து வண்டியைத் திருப்பி அனுப்புகிறவர், சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்களே கேளுங்க. வீட்டுல நான் அழுக்கு எடுக்கேன், இவிய அழுக்கு பூசுதாவ" என்றாள் கோமதி.

"கடல்ல ஓடுத கப்பல் உப்புக் காத்துல துருப்பிடிக்காம இருக்குமாக்கா? துரு இருந்தாத்தான் அது ஓடின கப்பல்" என்றார் அவர்.

"இது எங்க ஓடிச்சு அண்ணாச்சி?" என்றேன்.

"ஓடினதா வச்சுக்கிட்டுத்தான் பூசுதேன்."

இதில் தசரா வந்தது. இங்கே தசராவுக்கு முதல் நாள் ஆயுதங்களையும் வண்டிகளையும் கழுவிச் சாமந்திப்பூ போடுவார்கள். அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற மௌஷி நல்ல மனுஷி. ஸ்கூட்டரைக் கழுவினாள், அரிவாள்மனையைக் கழுவினாள். கட்டிலில் கிடக்கிற பீரங்கிக் கப்பலைவிடப் பெரிய ஆயுதம் வீட்டில் வேறு எது? ஈரத்துணியில் புளியைத் தொட்டு, அத்தனை துருவையும் தேய்த்து எடுத்து, மூக்கில் குங்குமம் வைத்து, ஒரு சாமந்தி மாலையும் போட்டுவிட்டாள். அண்ணாச்சி வந்து பார்த்தார். மௌஷி பெருமையாக நின்றுகொண்டிருந்தாள். தசராவுக்குப் புடவை கேட்டாள், கொடுத்தார். தசரா முடிந்த மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு முதல் புள்ளியிலிருந்து ஆரம்பித்தார்.

எல்லாம் சரி, தண்ணீரில் எப்போது விடுவீர்கள் என்று காலனியில் கேட்காத ஆள் இல்லை. ஆளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார். பவனா ஆற்றில் ஆகாயத்தாமரை, சிக்கிக்கொள்ளும். நீச்சல் குளத்தில் மருந்து, பெயின்ட் போய்விடும். மழைக் காலத்தில் தண்ணீர் கலங்கல், வெயில் காலத்தில் தண்ணீரே இல்லை. குளிர் காலத்தில் பேட்டரிக்கு ஆகாது.

ஒருநாள் கோமதி கடைக்குப் போயிருந்தபோது நான் விடவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இருந்தார். அப்புறம், "முங்கிட்டா என்னக்கா செய்ய?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆனால் கோமதி கேட்டாள். மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைத் தரையில் போட முடியுமா? எங்களை வைத்துக்கொண்டே கோமதி தீர்ப்பு சொன்னாள். "இந்தப் பிள்ளையார் சதுர்த்திக்குள்ள இதைத் தண்ணியில விடுங்க. மெதந்துச்சுன்னா அது கப்பல். ஹால்ல எங்க வேணா வச்சுக்கிடுங்க, நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். முங்கிச்சுன்னா அது வெறும் சாமான். பங்கார்வாலாவக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுருவேன்."

பங்கார்வாலா பழைய இரும்பு எடுக்கிறவன். தினமும் எங்கள் தெருவில் கூவிக்கொண்டு போவான். அவன் குரல் கேட்டால் அண்ணாச்சி ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தார்.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. விக்கிரகங்களைக் கரைக்க எங்கள் மைதானத்து ஓரத்தில் முனிசிபாலிட்டி பெரிய தொட்டி வைத்து நிரப்புவது வழக்கம். இடுப்பளவு தெளிந்த தண்ணீர். பாசி இல்லை, மருந்து இல்லை, ஆகாயத்தாமரை இல்லை. அண்ணாச்சியிடம் காரணம் தீர்ந்துபோனது. ஐந்தாம் நாள் கரைக்கிற பிள்ளையார்கள் சாயங்காலம்தான் வருவார்கள், காலையில் தொட்டிப் பக்கம் ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டு, ஒரு கைவண்டி பிடித்தார். அவர், கோமதி, நான், என் வீட்டுக்காரர். ஆயிரம் சொன்னாலும் முதல்முதலாகத் தண்ணீரில் இறங்குகிறது என்று கோமதி கப்பலுக்குப் பொட்டு வைத்து, சிவப்புத் துணி போர்த்தி, மேலே செம்பருத்தியும் அறுகம்புல்லும் வைத்தாள்.

போனால், அங்கே வரிசை. எல்லோரும் அவரைப் போலவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். திரும்பலாம் என்று அவர் வண்டியைத் திருப்புவதற்குள் பின்னால் ஒரு குடும்பம் ஜால்ராவோடு வந்து நின்றுவிட்டது. முன்னாலும் பிள்ளையார், பின்னாலும் பிள்ளையார். நடுவில் எங்கள் போர்க்கப்பல்.

அந்தத் தொட்டியில் நாம் இறங்கக் கூடாது. விழா நடத்துகிற மண்டல்காரர்கள் உள்ளே நிற்பார்கள். நம் கையிலிருந்து வாங்கி, கணபதி பப்பா மோரியா சொல்லி மூன்று முறை முக்கி எடுத்து, அப்புறம் கீழே விட்டுவிடுவார்கள். எங்கள் முறை வந்ததும் ஆரத்தி ஆயிற்றா என்று கேட்டார்கள். ஆகவில்லை. பின்னால் இருந்தவர்களே பாட ஆரம்பித்தார்கள். எனக்கு மராத்தி ஆரத்தி முழுக்க வரும், நானும் பாடினேன். துணியை எடுத்தார்கள். கப்பலைப் பார்த்தார்கள். ஆச்சரியப்படவில்லை. பிள்ளையார் உள்ளே இருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். புனேயில் பிள்ளையார் எதற்குள்ளும் இருப்பார். பூவையும் அறுகையும் அதற்கென்று வைத்த டிரம்மில் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கினார்கள்.

அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் மராத்தியில் வக்கீலோடு வாதாடுவார். வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

முதல் முக்கு. மோரியா. இரண்டாவது முக்கு. மோரியா. மூன்றாவது முக்கில் நன்றாக அழுத்தி, கையை எடுத்துவிட்டார்கள். கப்பல் போய்விட்டது. மேலே குமிழி குமிழியாக வந்தது. எடைக்குப் போடுவேன் என்று சொன்ன கோமதி என் கையை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டாள். "முங்கிட்டுக்கா" என்றாள். அண்ணாச்சி அசையவில்லை.

அப்புறம் மூக்கு தெரிந்தது. குளத்திலிருந்து எருமை எழுந்திருக்கிற மாதிரி, தண்ணீரை இரண்டு பக்கமும் வடித்துக்கொண்டு, கப்பல் மேலே வந்தது. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, யோசித்தது, நிமிர்ந்தது. நின்றது.

பிள்ளையார் இப்படித் திரும்பி வருவது மண்டல்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் நீள மூங்கிலை எடுத்துக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி அமுக்கப் போனார். அப்போதுதான் அண்ணாச்சி தோள்பையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். ஒரு பொத்தானை அமுக்கினார். பீரங்கிகள் எல்லாம் மெதுவாக, ஒன்றாக, மூங்கில்காரர் பக்கம் திரும்பின. அவர் மூங்கிலைக் கீழே போட்டார்.

கப்பல் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பின்னால் நின்ற குடும்பத்துக்காரர் கைகூப்பிக் கேட்டார்: எங்கள் பப்பா சின்னவர்தான், கனம் இருக்காது, கரைப்பதற்கு முன்னால் ஒரு சுற்று ஏற்றிப் போவீர்களா? அண்ணாச்சி மேல்தளத்தில் இடம் காட்டினார். அவ்வளவுதான். வரிசையில் அடுத்தவரும் கேட்டார், அதற்கடுத்தவரும் கேட்டார். பேட்டரி தீருகிற வரைக்கும் நிக்டிப் பிள்ளையார்கள் போர்க்கப்பலில் போய்க் கரைந்தார்கள். கடைசியாகப் போனவரைக் கப்பலோடு கயிறு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று.

எதற்காக அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டீர்கள், சொல்லியிருக்கலாமே என்று திரும்பி வரும்போது கேட்டேன். "என் கையால விடச் சொன்னா இந்த ஜென்மத்துல விட்டிருக்க மாட்டேன்க்கா" என்றார். சட்டை முழுக்க ஈரம். கைவண்டியைத் தானே தள்ளுவேன் என்று அடம்பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

வாசலுக்கு வந்ததும் கோமதி என் வீட்டுக்காரரிடம் சொன்னாள். "அண்ணாச்சி, உள்ள வாங்க, காப்பி குடிங்க. ஹால்ல சோபாவத் தூக்கி வெளிய போடணும்."

செல்விக்கு நல்லபடியாகப் பையன் பிறந்தான். அண்ணாச்சி ரிட்டயர் ஆனதும் மகளோடு இருக்கலாம் என்று வாகட் பக்கம் ஒரு பதினாலாவது மாடிக்குப் போய்விட்டார்கள். அங்கே சொசைட்டியில் நீச்சல் குளம் இருக்கிறது. ஆனால் செகரட்டரி ஒரு மாதிரி ஆள், போர்க்கப்பலுக்கு அனுமதி கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். பக்கத்து வீட்டுக்கு ஒரு சின்னக் குடும்பம் வந்திருக்கிறது. அமைதியானவர்கள். என் அலமாரியில் டம்ளர் ஆடுவதே இல்லை.

இப்போது எங்கள் ரோட்டில் எதற்கோ பெரிதாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் நிரம்பிவிடுகிறது. காலனியில் எல்லோரும் திட்டிக்கொண்டு சுற்றிப் போகிறார்கள். நான் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்று, ஆழம் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.