இறைச்சி தின்பது பூனைகள்தான் என்று ஒரு கடிதம்

முள்ளிவாய்க்கால்,
தவக்காலத்தின் ஐந்தாம் கிழமை, செவ்வாய் பின்னேரம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த ராஜினி மாமிக்கு, மருமகள் ஆன்சலா எழுதுவது.

ஆண்டவர் துணையால் இங்கே மூவரும் நலம். மூவர் என்றால் லூனா, மிலோ, புறூனோ. உங்கள் குரல் செய்திகளில் முதலில் விசாரிக்கப்படுவது அவர்கள்தான் என்பதால் அந்த ஒழுங்கையே நானும் பின்பற்றுகிறேன். அடுத்தபடியாக அம்மா நலம், உங்கள் அண்ணர் நலம், நானும் நலம். சுவிஸில் நீங்களும் மாமாவும் பிள்ளைகளும் குளிர் குறைந்து சுகமாக இருக்க மாதாவிடம் மன்றாடுகிறோம். இதைப் பேசி அனுப்பாமல், எழுதிப் படம் பிடித்து அனுப்பக் காரணம் உண்டு. நான் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று திருத்துவா. நீங்கள் பேசிய பதிலை அம்மா சத்தமாகப் போட்டுக் கேட்பா. வேலிக்கு அந்தப் பக்கம் பிரியந்தினி அக்காவும் கேட்பா. பிறகு ஊருக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையிராது.

விஷயம் இதுதான். உங்களிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் தேவை. ஒரு வசனம் போதும்: "நான் அனுப்பும் காசில் வாங்கும் இறைச்சியைத் தின்பது பூனைகள் மட்டுமே, என் அண்ணர் குடும்பத்தார் அல்லர்." கீழே உங்கள் ஒப்பம், முடிந்தால் அங்கே ஒரு சட்டத்தரணியின் முத்திரை. வருகிற திங்கட்கிழமைக்குள் அது வராவிட்டால் அம்மாவின் பெயர் உதவிப் பட்டியலில் இருந்து ஒரேயடியாகப் போய்விடும். எங்கள் வீட்டு அரிசி அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. இப்படி ஒரு கிறுக்குக் கடிதம் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

போன ஆவணியில் நீங்கள் வந்தபோது, கவிழ்த்து வைத்த படகுக்குக் கீழே இந்த மூன்றும் கண் திறக்காமல் கிடந்தன. நீங்கள் பார்த்து அழுதீர்கள், பெயர் வைத்தீர்கள், என் கையில் தந்தீர்கள், விமானம் ஏறினீர்கள். போய் இறங்கிய கையோடு நாற்பது பக்கத்தில் ஒரு ஜெர்மன் புத்தகத்தை அனுப்பி, அதை ஏழு குரல் செய்திகளில் தமிழாக்கியும் சொன்னீர்கள். பூனைக்குச் சோறு ஆகாது, பால் ஆகாது, உப்பு ஒரு துளியும் ஆகாது, வெங்காயம் நஞ்சு, மீன் கிழமைக்கு ஒரு தரத்துக்கு மேல் கூடாது, இறைச்சிதான் அதன் உணவு. கடலுக்கும் எங்கள் குசினிக்கும் நடுவில் ஒரு வேலிதான் இருக்கிறது, மாமி. இந்தக் கரையில் மீன் தின்னத் தடை விதிக்கப்பட்ட முதல் பூனைகள் இவைதான். இங்கே பிறந்த வேறு எந்தச் சீவனுக்கும் ஒருவரும் இவ்வளவு கவனமாக உணவுத் திட்டம் போட்டதில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். 2009 இல் எனக்கு ஏழு வயது. வரிசையில் நின்று கஞ்சி வாங்கினோம். அதில் உப்பு இருக்கிறதா என்று ஒரு புத்தகமும் கேட்கவில்லை.

சரி, பூனைகள் என்ன பாவம் செய்தன? நான் திட்டத்தை நிறைவேற்றினேன். நீங்கள் அனுப்பும் காசுக்கு நெஞ்சிறைச்சி வாங்கினால் மாதத்தில் பத்து நாள்தான் பூனைகள் உயிரோடு இருக்கும். ஆகவே சந்தியில் கோழிக்கடை வைத்திருக்கும் நடராசா அண்ணையிடம் மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்குவதைக் கேட்டேன்: கழுத்து, இதயம், இரைப்பை, கொஞ்சம் ஈரல். இதயத்தில் பூனைக் கண்ணுக்கு வேண்டிய சத்து இருக்கிறது என்று உங்கள் புத்தகமே சொல்கிறது. ஈரல் கூடினால் கூடாது என்றும் சொல்கிறது, அதனால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு சிறு துண்டு என்று தொடங்கினேன். எலும்பை அவித்துக் கொடுத்தால் தொண்டையில் குத்தும் என்பதால் கழுத்தில் சதையை மட்டும் கிள்ளி எடுத்து, எலும்புச் சத்துக்கு முட்டைக்கோதை வறுத்து இடித்துத் தூவினேன். பச்சையாகக் கொடுக்கச் சொன்னீர்கள். எங்கள் குளிர்சாதனப் பெட்டி மின்சாரசபையின் மனநிலையைப் பொறுத்து வேலை செய்வதால் மெல்லிய நெருப்பில் அவித்து, அவித்த தண்ணீரையும் சேர்த்தே வைத்தேன். விடிய ஐந்தரைக்கு எனக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ். அதற்கு முன் அவித்துச் சட்டியை மூடிவிட்டுப் போவேன். கடலால் வந்து கைகால் கழுவிவிட்டு அப்பாதான் அவர்களுக்கு வைப்பார். தை மாதம் படகில் தலைசுற்றி விழுந்து கிளினிக்குக்குப் போய் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பூனைகளில் ஒரு தனி வாரப்பாடும் பாசமும். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை பிள்ளை, வயசு" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள், "பூனையளுக்கு ஈரல் காணாது போல, கொஞ்சம் கூட வாங்கு" என்றார். புத்தகத்தில் அப்படி இல்லை என்றேன். "புத்தகம் இந்தப் பூனையளைக் கண்டதோ?" என்றார். வாங்கினேன். மூன்றும் இப்போது எண்ணெய் பூசியது போல மினுங்குகின்றன.

இதுவரை பிழையில்லை. பிறகு திருநீற்றுப் புதன் வந்தது. உங்களுக்கு ஊர் வழக்கம் மறந்திருக்காது: நாற்பது நாளும் எங்கள் வீடுகளில் இறைச்சி இல்லை. அதிலும் இந்த வருசம் வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை வாசிப்பது அப்பா. வெள்ளிக்கிழமையில் சைவக்காரரும் இறைச்சி தின்னமாட்டார்கள் என்பதால், தவக்கால வெள்ளியில் இந்தப் பக்கத்தில் கோழி வாங்க ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லாத நாளில்தான் நடராசா அண்ணை பாதி விலைக்குத் தருவார். பாதி விலைக்குத் தரும் நாளில்தான் நான் போவேன். நாற்பது நாள் விரதத்தில், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, சைக்கிளில் இறைச்சிப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போன ஒரே கத்தோலிக்கப் பெண் நான்தான்.

"பிள்ளை, உங்கட ஆக்களுக்கு இப்ப இறைச்சி இல்லையெல்லோ?" என்றார் நடராசா அண்ணை.

"பூனைக்கு அண்ணை."

"பூனைக்கோ?" அவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன கிழமையும் பூனைக்கெண்டுதான் சொன்னனீ. சரி, சரி. நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

அன்றைக்குப் பின்னேரமே பிரியந்தினி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "ஆன்சலா, நீ வேதம் மாறி, தவக்காலம் பாக்காத புதுச் சபைக்குப் போறியாம். உண்மையே?"

"நான் ஃபாக்டரிக்குத்தான் அக்கா போறன்."

"அதுதானே கேக்கிறன். அங்க ஆரும் பெடியன் அந்தச் சபையோ?"

இதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. ஊர் கதைக்கும். ஊருக்கு வேறு வேலை யார் கொடுத்தார்கள்? ஆனால் அடுத்த கிழமை, நான் வேலைக்குப் போயிருந்த நேரம், உதவிப் பட்டியலைத் திருத்துவதற்கு ஒரு உத்தியோகத்தர் கையில் கணினிப் பலகையோடு வந்தார். அம்மா கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, கேட்டதற்கெல்லாம் உண்மை சொன்னா. அன்றிரவு அதைப் பெருமையோடு எனக்குச் சொன்னா. அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, கிழமையிலை எத்தினை நாள் வீட்டிலை இறைச்சி காய்ச்சுறனீங்கள்?"

"ஏழு நாளும், தம்பி."

உத்தியோகத்தர் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாராம். கூரை தகரம், மூலையில் ஒரு நிறுவனத்தின் பெயர் போட்ட தறப்பாள். "ஏழு நாளுமோ?"

"ஓம். காலமை காலமை. பிள்ளை விடிய எழும்பி அவிச்சு வைச்சிட்டுத்தான் வேலைக்குப் போவா."

"ஆர் சாப்பிடுறது?"

"பூனையள். அந்தா, உங்கட காலுக்குள்ள ஒண்டு நிக்குது."

"அம்மா, இதிலை பூனை எண்டு ஒரு இடமில்லை. எத்தினை நாள் எண்டுதான் கேக்குது. ஒரு இலக்கத்தை அமத்தாட்டி அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"அப்ப ஏழை அமத்துங்கோ தம்பி. தவக்காலத்திலை பொய் சொல்லேலாது."

"வெளிநாட்டிலை இருந்து காசு வருதோ?"

"ஓம். மச்சாள் அனுப்புறவா."

"என்னத்துக்கு?"

"இறைச்சி வாங்க."

"நல்ல தன்மையான பெடியன், தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடிச்சவன்" என்று சொல்லி முடித்தா அம்மா. மூன்றாம் கிழமை அலுவலகச் சுவரில் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். அந்தோனிமுத்து கிறேஸ் என்ற அம்மாவின் பெயர் இல்லை. வாசலில் இரண்டு வாகனம் நிற்கிற வீட்டுக்காரர் ஒருவரின் பெயர் இருந்தது. அவர் வீட்டில் பூனை இல்லைப் போலும்.

நான் மேன்முறையீடு எழுதினேன். மாமி, இந்த வீட்டில் பதினாறு வருசமாகப் படிவம் நிரப்புகிறோம். எத்தனை பேர் இருந்தீர்கள், எத்தனை பேர் இல்லை, கடைசியாக எங்கே பார்த்தீர்கள், சாட்சி யார். இல்லாமல் போனவர்களைப் பற்றி எழுதிக் கொடுத்த தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவரும் திரும்பி வரவில்லை. பூனை இறைச்சிக்கு இரண்டாந்தரம் வந்தார்கள். இன்று காலை பத்து மணிக்கு. நான் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் நின்றேன். அதே உத்தியோகத்தர், கூட ஒரு மேலதிகாரி. "பூனை தின்னுறதை நேரை காட்டுங்கோ, குறிச்சுக்கொண்டு போறம்" என்றார் மேலதிகாரி. நியாயமான கேள்வி. நான் மூன்று தட்டிலும் இறைச்சியை வைத்து முற்றத்தில் அடுக்கினேன். இதயம், இரைப்பை, ஈரல், மேலே முட்டைக்கோதுத் தூள்.

லூனா மணந்து பார்த்தாள். மிலோ மணக்கவும் இல்லை. புறூனோ தட்டைத் தாண்டி நடந்துபோய், கதிரையில் இருந்த அப்பாவின் காலடியில் குந்தி, அவருடைய முகத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தத் தொடங்கினான். மற்ற இரண்டும் பின்னாலேயே போயின. மூன்றும் வரிசையாக இருந்து அப்பாவைப் பார்த்துக் கத்தின. அப்பா எழும்பிப் பனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் லூனா மீன்கூடையைத் தட்டி விழுத்தி, ஒரு சூடை மீனைக் கவ்விக்கொண்டு மேலதிகாரியின் சப்பாத்துக்குப் பக்கத்தில் இருந்து, தலையிலிருந்து வால் வரைக்கும் ஆறுதலாகத் தின்று முடித்தாள்.

"இறைச்சியைப் பூனை தின்னேல்லையே, தங்கச்சி" என்றார் மேலதிகாரி.

"இவ்வளவு நாளும் திண்டது, ஐயா."

"இண்டைக்குத் தின்னேல்லை. நான் இண்டைக்குத்தானே வந்தனான்."

அதன் பிறகுதான் அவர் இந்த வழியைச் சொன்னார்: காசு அனுப்புகிறவர் ஒப்பமிட்டுக் கடிதம் தந்தால் கோவையில் சேர்க்கலாம், திங்கட்கிழமை கடைசி நாள். அவர்கள் போன பிறகு அப்பா, "விடு பிள்ளை. அவையள் எழுதினதும் ஒருவகையிலை சரிதானே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்படி எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தலையாட்டித்தான் இந்த ஊர் இப்படி இருக்கிறது என்று சொன்னேன். அவர் வலையில் சிக்கெடுக்கப் போய்விட்டார்.

ஆகவே மாமி, அந்த ஒரு வசனத்தை எழுதி அனுப்புங்கள். மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உயிர்ப்பு ஞாயிறு உங்கள் வீட்டுக்கும் வெளிச்சமாக வரட்டும், மாதா உங்களைத் தன் மடிக்குள் வைத்திருக்கட்டும் என்று அம்மா எழுதச் சொன்னா. அப்பா சொல்லச் சொன்னது: "தங்கச்சியைக் கேட்டதெண்டு எழுது."

இப்படிக்கு,
உங்கள் மருமகள்,
ஆன்சலா.

பி.கு.: புதன் காலை. கடிதத்தை இன்னும் படம் பிடிக்கவில்லை. தொழிற்சாலை பஸ் வழியில் பழுதாகிவிட்டது, ஏழு மணிக்குத் திரும்பி வந்துவிட்டேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. குசினிக்குப் பின்னால் அப்பா குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் மூன்று பூனைகளும் ஆளுக்கொரு மீன் தின்றுகொண்டிருந்தன. அப்பாவின் கையில் மிலோவின் தட்டு. வாயில் ஈரல்.

"வெள்ளிக்கிழமையிலை இல்லை, பிள்ளை" என்றார், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னமே. "வெள்ளிக்கிழமைப் பங்கு முழுக்க அதுகளுக்குத்தான்."

"எப்ப துடக்கம்?"

"தையிலை இருந்து. கிளினிக்கிலை ரத்தம் காணாது எண்டவை. ஈரல் சாப்பிடட்டாம்."

"வீட்டிலை சொல்லியிருக்கலாமே அப்பா!"

"அது தங்கச்சி பூனைக்கெண்டு அனுப்புறது. எனக்கெண்டு எப்பிடிக் கேக்கிறது?" பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, "பங்குச் சுவாமியிட்டக் கேட்டனான். வருத்தக்காரருக்குப் பரவாயில்லையாம். கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

"உப்பில்லையே."

"உப்புப் போட்டா உனக்குத் தெரிஞ்சிடும். பழகிட்டுது."

ஆக, கணினிப் பலகை எழுதியது சரி. மேலதிகாரி கண்டது சரி. அம்மா உண்மையைத்தான் சொன்னா, தனக்கே தெரியாமல். பூனைகளின் மினுக்கம் மீனால் வந்தது. இந்த மூன்று பக்கத்திலும் பிழையாக எழுதியது நான் ஒருத்திதான். கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஆனால் ரத்தம் காணாத ஒரு மனிசன் பூனைத் தட்டில் ஈரல் தின்றால் அது வசதியான வீடு என்று ஒரு படிவம் சொல்லுமானால், என் கோபத்தில் பாதி இன்னும் செல்லும். அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

மேலே கேட்ட கடிதம் வேண்டாம். உங்களைப் பொய்க்கு ஒப்பமிட வைக்க விருப்பமில்லை. திங்கட்கிழமை நான் அப்பாவின் கிளினிக் கொப்பியோடு போய் உண்மையைச் சொல்கிறேன். வருத்தக்காரருக்கு அந்தப் பலகையில் ஒரு இடம் இருக்கிறதோ என்று பார்க்கட்டும். காசை மட்டும் நிறுத்தாதேங்கோ. இந்த மாதத்திலிருந்து நான்கு பூனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவதுக்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை, அது உங்களுக்கு முன்னமே பிறந்தது. அதற்கு உப்புப் போடலாம்.