ஒரு சிட்டிகை இட்ரியம்

"இன்று முதல் நமது பூச்சுகளில் நூறு சதவீதத் தூய்மை நிலவும். அனைவரும் ஒத்துழைக்குமாறு அன்புடன் கட்டளையிடப்படுகிறது."

புது இயக்குநரின் இந்தச் சுற்றறிக்கையைப் படித்தாள், நிறுவனத்தின் ஏழு ஆய்வகங்களில் ஒன்றின் தலைவி. ஆறு வருஷமாக உலைக்குழாய்களுக்கு வெப்பம் தாங்கும் அலுமினாப் பூச்சுப் போடுகிறவள் அவள். அடித்துப் பிடித்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினாள்.

"சார், பூச்சுல ஒரு சிட்டிகை இட்ரியம் உலோகத் தூள் இருந்தே ஆகணும்."

"அது அலுமினாவா?"

"இல்ல சார்."

"அப்போ கலப்படம்."

"ஆயிரத்து நூறு டிகிரியில ஆக்சிஜன், பூச்சோட நுண்மணிகளுக்கு நடுவுல இருக்கற சந்து வழியா உள்ள பூந்துடும் சார். இட்ரியம் அந்தச் சந்துல குந்திக்கிட்டு வழிய மறிக்கும். அது இல்லேன்னா பூச்சு செதில் செதிலா உரிஞ்சிடும், அப்புறம் குழாயே வெடிக்கும்."

"வழிமறிக்குதா? நம்ம நிறுவனத்துலயா?" இயக்குநர் அதிர்ந்துபோனார். "எத்தனை வருஷமா நடக்குது இது?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தீர்ப்பும் சொன்னார்.

"தூய பூச்சு உலைச் சோதனையில உரிஞ்சா, தப்பு தூய்மையோடது இல்ல, உங்களோடது. ஆய்வகத்த இழுத்து மூடிடுவேன்."

ஆய்வகத்தை நம்பிப் பதினோரு குடும்பம். அவள் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். பூச்சுக் கலக்கும் அன்று, கைப்பையிலிருந்த முகப்பவுடர் டப்பாவைத் திறந்து, ஒளித்துவைத்திருந்த இட்ரியத்தில் ஒரு சிட்டிகையைப் போட்டாள். ஆயிரம் மணி நேரம் உலையில் வெந்தும் குழாய் பளபளவென்று வெளியே வந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இயக்குநரோ கண் கலங்கிவிட்டார். "பாத்தீங்களா, தூய்மையோட மகிமைய!"

தூய்மை விருது விழாவில் ஏழு ஆய்வகத் தலைவர்களுக்கும் கேடயம் கிடைத்தது. ஏழு குழாயில் ஒன்றுகூட உரியவில்லை. பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு ஆய்வகத் தலைவர் அவள் காதில் கிசுகிசுத்தார்: "நீங்க எதுல வச்சிருந்தீங்க மேடம்?"

"பவுடர் டப்பாவுல. அடப்பாவி, நீங்களுமா?"

"மூக்குக்கண்ணாடிக் கூட்டுல. அந்தக் கடைசி ஆளு ஷூவுக்குள்ளயாம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"ஏழு ஆய்வகங்களும் ஐயந்திரிபற நிரூபித்துவிட்டன. எனவே கிடங்கிலிருந்த இட்ரியம் முழுவதும் இன்று காலை அழிக்கப்பட்டது. வரும் வாரம் முதல் ஆலையின் எல்லா உலைகளுக்கும் தூய பூச்சே. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

அந்த உலைகளின் முன்னால் தினமும் நிற்கிறவர்களின் முகம் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்துபோனது. வாயைத் திறந்தால் கேடயம் போகும், வேலையும் போகும். மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதலில் கைதட்டியவள் அவள்தான்.