துண்டுக்கடியில் பத்து மூட்டை மிளகு

1956 நவம்பரில், சூயஸ் கால்வாயை வைத்துப் பணக்காரனாகிவிடுவது என்று தீர்மானித்தேன். கால்வாய் இருப்பது எகிப்தில். நான் இருப்பது கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகு வியாபாரத்தில். அதனாலென்ன? அங்கே சண்டை, கால்வாய் அடைப்பு, கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் மிளகை எவன் வாங்குவான்? விலை படுத்துவிடும்.

உடனே ஓடிப்போய், அன்றைய விலைக்கே பத்து மூட்டை தருவதாக, மிளகு வாங்கும் மொத்த வியாபாரி சேட்டிடம் வாக்குக் கொடுத்தேன். கையில் ஒரு மணி மிளகு கிடையாது. விலை விழுந்ததும் வாங்கிக் கொடுத்து, மிச்சத்தை மடியில் கட்டிக்கொள்வதாகத் திட்டம். விழாமல் எங்கே போகும்? "இனிமேல் கப்பலே கிடையாது ஓய்!" என்று பஜார் முழுக்கத் தொண்டை வறளக் கத்திவைத்தேன்.

வீட்டில் மனைவி திரிபுரசுந்தரியிடமும் கத்தினேன்.

"அப்போ சீமைக்காராளுக்கு மிளகு கிடைக்காதா?"

"கிடைக்காதுடீ!"

"மண்ணெண்ணெய் கிடைக்காதுன்னு நீங்க சொன்னன்னிக்கு நான் நாலு டின் வாங்கி வெச்சேன். அவாளும் அப்படித்தானே பண்ணுவா?"

"லண்டன்காரனும் நீயும் ஒண்ணா? போய் அரிசியைக் களை!"

இரண்டு நாள் விலை விழுந்தது. இன்னும் விழட்டும் என்று இருந்தேன். மூன்றாம் நாள் வெளிநாட்டுத் தந்திகள் குவிந்தன: எந்த வழி சுற்றியாவது அனுப்பு, கிடைத்ததை அனுப்பு! விலை எழுந்து நின்றது. கையில் மிளகு இருந்தவர்கள் அதைப் பூட்டிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சேட்டுக்கு மிளகு போகாவிட்டால், அப்புறம் என் வாக்கை நம்பிப் பஜாரில் ஒரு காய்ந்த மிளகாய்கூடத் தரமாட்டார்கள்.

வியாழக்கிழமை, பக்கத்து வீட்டுத் தரகர் அனந்தநாராயணன் வந்தார். "பத்து மூட்டை இருக்கு. யாரோடதுன்னு மாத்திரம் கேட்கப்படாது, கேட்டேளா."

எங்கள் பஜாரில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்து விலை பேசவேண்டும். பிடித்தேன். அவர் கூடுதலாக ஒரு விரலைப் பிடித்தார். "கொள்ளையா ஓய்!" என்று கத்தினேன். அசையவில்லை. மறுபடி கத்தினேன். சிரித்தார். மூன்றாம் தடவை துண்டை உதறிவிட்டு எழுந்தேன். மனுஷர் நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். பத்தடி போய்த் திரும்பி வந்து, கேட்டதையே கொடுத்தேன்.

சேட்டு வாசலில் மூட்டைகள் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நஷ்டம்தான். ஆனால் மானம் தப்பியது.

"இப்பவாவது சொல்லும் ஓய், யார் சரக்கு?"

"என் ஆத்துப் பின்கட்டிலே இருந்தது. சரக்கு உம்ம ஆத்துக்காரியோடது."

வீட்டுக்குப் பறந்தேன். "ஏண்டீ! வாங்கறதுக்குப் பணம் ஏது?"

"சீட்டு எடுத்த பணம். நீங்க கத்திக் கத்தி விலையை இறக்கினேளே, அந்த ரெண்டு நாள்ல வாங்கினேன்."

"எங்கிட்டயே இந்த விலையா?"

"முதல் கோபத்துக்கு அசையாதீங்கோ, ரெண்டாவதுக்குச் சிரியுங்கோ, மூணாவதுக்கு எழுந்து போனா தானா திரும்பி வருவார்னு பக்கத்தாத்து மாமாகிட்ட சொல்லியிருந்தேன். வந்தேளோல்லியோ? இதே மிளகு வேற எவன் கையிலயாவது இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

யோசித்தேன். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அப்போ பணம் ஆத்தை விட்டு வெளியே போகலை!"

"போகலை. எங்கிட்ட இருக்கு. மாமாவோட தரகு மாத்திரம் பாக்கி. அதை வாங்கினவாதான் கொடுக்கணும்."

கொடுத்தேன். பேரம் பேசவில்லை.