மைனஸ் இரண்டு மீட்டர் தொட்டி

உலகத்திலேயே ஒரு கணக்குப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே மனிதர் எங்கள் டேன்ஜென்ட் சார்தான். எழுதியவர்களேகூட அப்படிப் படித்ததில்லை என்பதைப் பின்னால் அவர் நிரூபித்தும் காட்டினார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி. வகுப்பு ஜன்னலைத் திறந்தால் புகை வரும், மூடினால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். நான் அங்கே கம்ப்யூட்டர் டீச்சர். மீஞ்சூரிலிருந்து ரயிலில் போய் வருவேன். டேன்ஜென்ட் சார் ஆரணிக்காரர், பிளஸ் டூ கணக்கு வாத்தியார். ஒரு வளைவை ஒரே புள்ளியில் தொட்டுவிட்டுத் தன் போக்கில் நேராகப் போய்விடும் கோட்டுக்கு டேன்ஜென்ட் என்று பெயர். அவர் பேச்சும் அப்படித்தான். டீ ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும். பால், மாடு, மாட்டுத் தீவனம் என்று ஆந்திரா பார்டர் வரை போய்விடுவார். பெல் அடித்தால்தான் நிற்பார். பெயர் வைத்தது மாணவர்கள். சொந்தப் பெயர் பள்ளி ஆபீசுக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் சென்னையிலிருந்து ஒரு கால்குலஸ் புத்தகத்தோடு வந்து இறங்கினார். வழவழ அட்டை. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கால்குலஸ் படிக்கும்போது அப்படிச் சிரித்த பையனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. புத்தகத்தோடு ஒரு சிடி, ஒரு வெப்சைட், அதற்குள் நுழைய சுரண்டிப் பார்க்கும் பாஸ்வேர்டு. அரசுப் புத்தகத்தோடு சேர்த்து இதையும் எல்லாப் பிள்ளைகளும் வாங்க வேண்டும் என்று பெற்றோருக்குச் சர்க்குலர் அனுப்பிவிட்டு, அதன் பிறகு புத்தகத்தை மதிப்பீடு செய்ய கமிட்டி போட்டார். அவர் எதையும் முறைப்படி செய்பவர்.

கமிட்டியில் தலைமையாசிரியை, டேன்ஜென்ட் சார், வெப்சைட் இருப்பதால் நான். புத்தகக் கம்பெனியே ஒரு மதிப்பீட்டுத் தாளும் தந்திருந்தது. அதில் மூன்று கட்டங்கள்: நன்று, மிக நன்று, மிகமிக நன்று. தலைமையாசிரியை புத்தகத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்தார், பைண்டிங் உறுதி என்றார், கையெழுத்திட்டார். டேன்ஜென்ட் சார் மட்டும் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொன்னார். அறையில் இருந்த எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தோம்.

படித்தார் என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு கணக்கையும் போட்டார். பஸ்ஸில் போட்டார், சாப்பிடும்போது போட்டார், கரஸ்பாண்டென்டின் அண்ணன் மகள் கல்யாணப் பந்தியில் வாழை இலையின் ஓரத்திலும் போட்டார். மூன்றாவது பாடத்துக்குப் பின்னால் கொடுத்திருந்த விடைகள் வேறு ஏதோ புத்தகத்தின் விடைகள் என்று கண்டுபிடித்தார். ஆறாவது பாடத்தில்தான் அந்தத் தொட்டி வந்தது. குறிப்பிட்ட அளவு தகட்டில் அதிகத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி செய்ய ஆரம் எவ்வளவு என்று கேள்வி. கணக்கைப் போட்டால் பிளஸ் இரண்டு, மைனஸ் இரண்டு என இரண்டு விடை வரும். மைனஸைத் தள்ளிவிட வேண்டும். புத்தகம் பிளஸ்ஸைத் தள்ளிவிட்டிருந்தது.

வேறு யாராவது என்றால் சிவப்புப் பேனாவில் சுழித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் நேராக சிப்காட்டில் தொட்டி செய்யும் ஒரு பட்டறைக்குப் போய், மைனஸ் இரண்டு மீட்டர் ஆரத்தில் தொட்டி ஒன்று வேண்டும் என்று கொட்டேஷன் கேட்டார். அங்கிருந்த சேல்ஸ்காரர் அசரவே இல்லை. மைனஸுக்குத் தனி ரேட், முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன், அட்வான்ஸ் பாதி என்று லெட்டர்ஹெட்டில் எழுதி சீல் வைத்துக் கொடுத்தார். சார் அதைத் தன் அறிக்கையோடு பின் குத்தி வைத்துக்கொண்டார்.

அடுத்தது வெப்சைட். பள்ளியின் இன்டர்நெட் ஆண்டு விழாவுக்கு மட்டும் வேலை செய்யும் என்பதால் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அதை நடத்தியவர் பழவேற்காட்டு பாய் ஒருவர். டேன்ஜென்ட் சார் மவுஸைத் தொட்டதே அன்றுதான். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். டேன்ஜென்ட் வரைந்து காட்டும் படம் ஒன்று இருந்தது. முதலில் கிண்ணம்போல ஒரு வளைவு வந்தது. கோடு பாதி வந்தபோது கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தோம். கடைசியில் கோடு வந்து சேர்ந்தது. வளைவைத் தொட வேண்டியது, இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு நின்றது.

சார் மவுஸிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மேடம், பசங்க என்னை இன்னான்னு கூப்புடறானுங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பேருக்குன்னு ஒரு மரியாதை வேணாவா?"

ஆன்லைன் தேர்வும் இருந்தது. கேள்வியைப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் முதல் விடையையே அமுக்கினார். 'வாழ்த்துகள், நீங்கள் கால்குலஸ் மேதை' என்று சான்றிதழ் வந்தது. பாய் ஆர்வமாகி அவரும் உட்கார்ந்து கடைசி விடைகளாக அமுக்கினார். அவரும் மேதையானார். அதைக் கலர் பிரிண்ட் எடுத்து கல்லாவுக்கு மேல் ஒட்டியும்விட்டார்.

கமிட்டி கூடிய அன்று புத்தகக் கம்பெனி ஆள் டை கட்டி, ஸ்வீட் பாக்ஸோடு வந்திருந்தார். டேன்ஜென்ட் சார் கொடுத்த தாளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலாவது கட்டம் ஒன்று வரைந்து, அதற்கு 'மோசம்' என்று தலைப்பும் எழுதி, அதில் டிக் அடித்திருந்தார் சார்.

"சர்க்குலர் போயாச்சு சார். கையெழுத்து ஒரு ஃபார்மாலிட்டி. இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிக்கினு இருக்கீங்க?" என்றார் கரஸ்பாண்டென்ட்.

டேன்ஜென்ட் சார் பேச ஆரம்பித்தார். மாடு, தீவனம் என்று எங்கேயாவது போய்விடுவார் என்று பயந்தேன். அன்றைக்கு அவர் எங்கேயும் போகவில்லை.

"நம்ம பசங்களோட அப்பனுங்க ஃபர்னஸ் முன்னாடி நின்னுக்கினு வேலை செய்யறாங்க சார். ஓவர்டைம் பார்த்து வாங்கித் தர்ற புக்கு. பையன் இதை நம்பி பரீட்சையில மைனஸ் ரெண்டுன்னு எழுதி வெச்சுட்டு வருவான். நான் கையெழுத்து போட மாட்டேன்."

அப்படியென்றால் அடுத்த வருஷம் வேறு வாத்தியார் பார்த்துக்கொள்வோம் என்றார் கரஸ்பாண்டென்ட்.

"சரி சார். இந்த வருசம் நான் இருக்கறேன் இல்ல."

நானும் அந்த நாலாவது கட்டத்திலேயே டிக் அடித்தேன். தலைமையாசிரியையின் கையெழுத்து ஒன்றே போதும் என்று உடனே கமிட்டியின் விதி திருத்தப்பட்டது. புத்தகம் வந்தது.

வந்த புத்தகத்தை டேன்ஜென்ட் சார் ஒதுக்கிவிடவில்லை. தினமும் வகுப்பில் அதைத் திறக்கச் சொன்னார். அச்சடித்த எதையும் நம்பாதே, தப்பைக் கண்டுபிடி என்பதுதான் பாடம். பிள்ளைகள் வேட்டைக்குப் போவதுபோலக் கிளம்பினார்கள். சரியான விடை கிடைத்த அன்று ஏமாந்துபோனார்கள். ஒரு விடையைத் தப்பு என்று சொல்ல நாலு விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிப் போட்டுப் போட்டு கால்குலஸ் அவர்களுக்கு வந்துவிட்டது. பொதுத்தேர்வில் மார்க்கை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

எல்லாம் அந்தப் புத்தகத்தின் மகிமை என்று கரஸ்பாண்டென்ட் பேட்டி கொடுத்தார். அவர் போட்டோவோடு கம்பெனி விளம்பரமும் போட்டது. டேன்ஜென்ட் சாரை வேலையைவிட்டு அனுப்புகிற பேச்சை அதற்குப்பின் யாரும் எடுக்கவில்லை. அவர் பெயரையும் எடுக்கவில்லை.

மார்க் ஷீட் வாங்க வந்த பிள்ளைகள் கரஸ்பாண்டென்ட் அறையில் ஸ்வீட்டை எடுத்துக்கொண்டு, நேராக ஸ்டாஃப் ரூமுக்கு வந்து சாரைச் சுற்றி நின்றார்கள். அடுத்து என்ன படிக்கப்போகிறாய், பீஸுக்கு வழி இருக்கிறதா, யார் கூட வருவார்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்துக்கொண்டிருந்தார். பள்ளி விட்டு நெடுநேரமாகியும் ஒருத்தரும் கிளம்பவில்லை. நானும்தான், மீஞ்சூர் ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.