எடைக்காரர் மீசை எடுத்த கதை

அப்பா உயிரோடிருக்கும்போதே மீசையை மழித்துக்கொண்டு ஊருக்குப் போன ஆள் தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் எடைக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். அதுவும் ஒரு ஊசி மருந்துக்காக.

தாராளமயம் வந்து, மருந்துகளைச் சோதித்துக் கொடுக்கும் கம்பெனிகள் நம்ம பக்கமும் முளைத்த காலம். பைபாஸ் ரோட்டில் அப்படி ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் பார்த்தேன். அவர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பார்த்தார். மருந்திலுள்ள புரதத்தைத் துண்டு துண்டாக எடை போடும் இயந்திரம் அது. வேண்டாதது கலந்திருந்தால் எடையே காட்டிக்கொடுத்துவிடும். என்ன வேலை என்று யார் கேட்டாலும் “எடை போடுறேங்க” என்பார். நெல் கொள்முதல் நிலையம் என்று நினைத்து வலங்கைமான் விவசாயிகள் சிபாரிசு கேட்டு வந்ததுண்டு. அவர்களிடமும் நெல்லின் ஈரப்பதம் பற்றிப் பொறுமையாகப் பேசி அனுப்புவார்.

அவருக்கு ஜென்ம விரோதி தலைமுடி. முடியும் புரதம்தானே, ஒரு துணுக்கு விழுந்தாலும் சோதனை குழம்பிவிடும். அறைக்குள் தலையைச் சொறிந்தவர் மேனேஜராகவே இருந்தாலும் கதவைத் திறந்து வெளியே கைகாட்டுவார்.

ஒருமுறை குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்தில் இருக்கக் கூடாத புரதம் ஒன்று தெரிந்தது. அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. “உங்க முடிதான் விழுந்திருக்கும், விட்டுத்தள்ளுங்க” என்றார் மேனேஜர். முடியின் எடை வேறு என்று இவர் மன்றாடியும் எடுபடவில்லை.

மறுநாள் தலைமுடி, மீசை, புருவம் எதுவும் இல்லாமல் வந்து நின்றார். மேனேஜர் கண்ணெதிரே மறுபடி சோதித்தார். அதே புரதம் அதே இடத்தில் இருந்தது. மேனேஜர் மருந்தை அனுப்பாமல் நிறுத்தச் சொன்னார்.

அந்த வாரமே சொந்த ஊரான குத்தாலத்துக்குப் போனார். அப்பா துபாயில். மகன் மீசையில்லாமல் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் பக்கத்தில் வேறென்ன அர்த்தம்? தெருவே கூடிவிட்டது. அம்மா மயங்கி விழுந்தார். பக்கத்து வீட்டு பாய் பதறிப்போய் துபாய்க்கு போன் போட, அப்பாவே எடுத்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு மகனிடம் ஒன்றுதான் கேட்டார்.

“மருந்து நின்னுடுச்சுல்ல?”

“நின்னுடுச்சுப்பா.”

“அப்ப சரி. அம்மாட்ட போனைக் குடு, நான் இருக்கேன்னு சொல்றேன்.”

பிறகு எடைக்காரர் அமெரிக்கா போய்விட்டார். அந்த மருந்து எந்தக் குழந்தைக்கும் போகவில்லை. போடாத ஊசிக்கு யார் நன்றி சொல்வார்கள்? அவரை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் அவர்களுக்கும் சேர்த்து நானே சொல்லிக்கொள்கிறேன்.