வயிற்றுக்கு வந்த மாற்றல் உத்தரவு

லேக் மார்க்கெட், கல்கத்தா
தை மாதம், 2001

மகாராஜராஜஸ்ரீ சேஷாத்ரி அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் பட்டாபி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நான், மாதங்கி, சுவர்க் கடிகாரம், கேஸ் அடுப்பு எல்லோரும் க்ஷேமம். என் வயிறு ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அவ்விடத்தில் தாங்களும் சாவித்ரி அக்காவும் சிரஞ்சீவி நரேனும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். தாங்கள் சௌக்கியமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பொறுப்பைச் சுற்றியிருப்பவர்கள் ஏற்றுக்கொள்வதுதான் வழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன் என்று அக்காவுக்கு மனஸ்தாபமாம். வைக்கவில்லை, போட்டுவிட்டு ஓடினேன். எங்கே ஓடினேன் என்பதைப் பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் எழுதக்கூடாதுதான். ஆனால் போனில் சொல்லலாமென்றால், தாங்கள் மூச்சு விடும் இடைவெளி எனக்குப் போதுவதில்லை. "மெட்ராஸுக்கு மாற்றல் உத்தரவு வந்தாச்சே, எப்போ கிளம்பறே?" என்றுதானே கேட்டீர்கள்? அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், சிரமம் பாராமல் படிக்கவும்.

துர்கா பூஜை முடிந்த கையோடு ஆரம்பித்தது சமாசாரம். சனிக்கிழமை சாயங்காலமானால் வயிற்றுக்குள் யாரோ பெஞ்சு பலகையெல்லாம் இழுத்துப் போடுகிற சத்தம். ஞாயிறு காலை உப்புசம், அப்புறம் ஒரு முறுக்கு, அப்புறம் ஓட்டம். திங்கள், செவ்வாய் அதே வயிறு மௌனவிரதம். வேளாவேளைக்குத் தாங்கள் போனில் அருளிய மருந்துகளை எல்லாம் சாப்பிட்டேன். மோர் குடி என்றீர்கள், குடித்தேன். மோரை நிறுத்து என்றீர்கள், நிறுத்தினேன். மாதங்கி கத்தரிக்காயைச் சந்தேகப்பட்டாள், துவரம்பருப்பைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் கார்ப்பரேஷன் தண்ணியைச் சந்தேகப்பட்டாள். இது போதாதென்று வேர்வை வேறு. ஊரே குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு நடுங்குகிற மார்கழியில் எனக்கு மட்டும் கக்கத்தில் ஊற்று. சாதாரண வேர்வையாக இருந்தாலும் பரவாயில்லை, ஊறப்போட்டு மறந்துபோன துணி மாதிரி ஒரு வாடை. கிடர்பூர் மினிபஸ்ஸில் ஒருத்தர் சட்டைப்பையில் இன்னொருத்தர் முழங்கை இருக்குமே, அந்தக் கூட்டத்தில் என்னைச் சுற்றி மட்டும் கோலம் போடுகிற அளவுக்கு இடம். ஒரு பெரியவர் எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்துவிட்டு, தான் ஃபுட்போர்டில் போய்த் தொங்கினார். பவுடரை டப்பா டப்பாவாகக் கொட்டினேன். பவுடரும் வேர்வையும் சேர்ந்து பிசைந்த மாவாக ஆச்சே தவிர வாடை போகலை.

வயிற்றைப் பற்றி வெளியே பேசுவது நம்மாத்து வழக்கமில்லை என்று தங்களுக்குத் தெரியாததா. அப்பாவுக்கு மூலம் ஆபரேஷன் ஆனபோதே, "காசிக்குப் போயிருக்கார்" என்றுதானே ஊருக்குச் சொன்னோம். நானும் கௌரவமாக மறைத்தேன். வயிறு முறுக்கினால் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு ரெக்கார்டு ரூம் பக்கம் போகிற மாதிரி போவேன். ஆபீஸில் இவ்வளவு உழைக்கிற மனுஷன் வேறு யாருமில்லை என்று கொஞ்ச நாள் நல்ல பேர்கூட இருந்தது. அடுத்த சீட்டு அனிமேஷ்தாதான் (இங்கே "தா" என்றால் அண்ணா) கண்டுபிடித்தார். ஹால் முழுக்கக் கேட்கிற குரலில், "பட்டாபி பாபு, பேட் கேமோன்?" என்றார். வயிறு எப்படி என்கிறார் அத்திம்பேர், நம்மூரில் காப்பி ஆச்சா என்று கேட்கிற மாதிரி. எனக்கு உயிரே போச்சு. ஆனால் ஹாலில் ஒருத்தர்கூடச் சிரிக்கலை. எல்லாரும் பேனாவை மூடி வெச்சுட்டு என்னைச் சுத்தி உட்கார்ந்துட்டா. எத்தனை தடவை, எந்தப் பதம், எந்த நிறம்னு விசாரணை. பட்ஜெட் மீட்டிங்குல இதுல பாதி சிரத்தையை நான் பார்த்ததில்லை. மறுநாள் என் மேஜை மேல ஓமத் திராவகம், இசப்கோல், ஏதேதோ இலை. அதுல ஒரு இலைக்கு வந்த நாத்தத்துல, மாசக்கணக்குல முதல் தடவையா என் வாடை எனக்கே தெரியலை. அனிமேஷ்தா சம்சாரம் வாழைக்காயும் பப்பாளிக்காயும் போட்டுத் தண்ணியா ஒரு குழம்பு வெச்சு, மீன் படாத புதுப் பாத்திரமா வாங்கி, தினமும் அனுப்ப ஆரம்பிச்சா. நான் கேட்கலை. அவாளும் சொல்லிக் காட்டலை.

டாக்டர் கோஷாலிடம் கூட்டிக்கொண்டு போனதும் அனிமேஷ்தாதான். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துட்டு, "குடல்ல ஒரு கோளாறும் இல்லை. மூளையும் குடலும் நாள் பூரா பேசிண்டே இருக்கும், அங்கே கவலைன்னா இங்கே முறுக்கும்"னார். வேர்வையும் அப்படித்தானாம். வெயிலுக்கு வர்றது வெறும் உப்புத் தண்ணி, பயத்துக்கும் கவலைக்கும் கக்கத்துல வர்றது வேற சரக்கு, கொஞ்சம் கொழுப்பானது. தோல்ல இருக்கற கிருமிக்கு அது விருந்து சாப்பாடு, வாடை அந்தப் பந்தியோடது. "ஆபீஸில் கவலையா?" இல்லைன்னேன். "வீட்டில்?" கூட வந்திருந்த மாதங்கியைப் பார்த்துண்டே இல்லைன்னேன். அந்த நேரம் பார்த்து டாக்டர் மேஜை மேல டெலிபோன் மணி அடிச்சுது. நான் அவர் பாத்ரூமுக்குள்ள இருந்தேன். திரும்பி வந்தப்போ டாக்டர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "உங்க வீட்டுக்கு யார் போன் பண்ணுவா?"ன்னு கேட்டார். "ஞாயித்துக்கிழமை எங்க அத்திம்பேர்." "என்ன சொல்வார்?" "உன் வயசுல நான் ரெண்டு புரமோஷன் வாங்கி மனை வாங்கிட்டேன்பார். நீ எப்போ இந்தப் பக்கம் வரப்போறேம்பார். முடிக்கறப்போ, டென்ஷன் ஆகாதேம்பார்." டாக்டர் வேற மருந்து எதுவும் எழுதலை.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைகள்ல எங்காத்து லைன் அவுட் ஆஃப் ஆர்டர்னு மாதங்கி சொன்னாளே, அதுதான் சிகிச்சை. ரிசீவரை எடுத்து அரிசி டப்பா மேல சாய்ச்சு வெச்சோம். டாக்டரே வியந்து போற மாதிரி வயிறு அடங்கிப்போச்சு. அனிமேஷ்தா ஆத்துல லுச்சிங்கற மைதா பூரியும் உருளைக்கிழங்கு தம்மும் வயிறாரச் சாப்பிட்டுட்டு, பஸ்ஸில் கூட்டத்தோட கூட்டமா நசுங்கிண்டு வந்தேன். பக்கத்துல ஒருத்தன் என் தோள்ல சாய்ஞ்சு தூங்கினான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுத்து.

அங்கேதான் விதி. இந்த ஊர்க்காராளுக்கு வயிறு கெட்டா கடைசி மருந்து ஒண்ணு உண்டு, "ஹாவா பதல்"னு சொல்வா. காத்து மாத்தறது. வயிறு சரியில்லேன்னா மூட்டை கட்டிண்டு வேற ஊர்த் தண்ணி குடிக்கப் போவா, அவா தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். எனக்குச் சரியாயிடுத்துன்னு நான் வெட்கப்பட்டுண்டு யார்கிட்டயும் சொல்லலை. அவா எனக்குத் தெரியாம, யூனியனையும் எதிர் யூனியனையும் சேர்த்துண்டு (இந்த ஆபீஸ் சரித்திரத்துல ரெண்டும் ஒண்ணா நின்னது என் வயித்துக்காகத்தான்), டைரக்டர் ரூமுக்குள்ள நுழைஞ்சு, "பட்டாபி பாபுவுக்கு அவர் தேசத்துத் தண்ணி வேணும், இல்லேன்னா மனுஷன் மிஞ்சமாட்டார்"னு வாதாடியிருக்கா. தாங்கள் டிக்டேட் பண்ணி நான் அனுப்பின அத்தனை மாற்றல் மனுவுக்கும் அசையாத டைரக்டர், இதுக்குக் கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டுட்டார். உத்தரவை ரசகுல்லாப் பானை மேல வெச்சு அனிமேஷ்தா எங்கிட்ட நீட்டினார். "இனிமே நன்னாயிடுவீங்க"ன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிண்டார். அக்காவுக்குச் சேதி சொல்லணுமேன்னு ரிசீவரை அரிசி டப்பாவிலேர்ந்து எடுத்து வெச்சோம். அன்னிக்கு சாயங்காலமே பழைய முறுக்கு, பழைய வாடை.

ஆகவே அத்திம்பேர், தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: நான் வரவில்லை. மெட்ராஸில் தாங்கள் எனக்காக ஒதுக்கி வைத்திருக்கும் மாடிப் போர்ஷனில், தங்கள் குரலுக்கு நேர் மேலே, என் வயிறு ஒரு வாரம் தாங்காது. அங்கே என் சம்பளத்தைக் கேட்பார்கள், பிளாட் எத்தனை சதுர அடி என்று கேட்பார்கள். வயிறு எப்படி என்று யார் கேட்பார்கள்? இங்கே கேட்கிறார்கள். இந்த வயதில் எனக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. உத்தரவை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பம் எழுதி, டாக்டர் கோஷாலின் சர்ட்டிபிகேட்டையும் வைத்தாகிவிட்டது. நாளைக் காலை அனிமேஷ்தாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு நேரே டைரக்டரிடம் கொடுக்கப் போகிறேன். தங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டால், டென்ஷன் ஆகாதீர்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். நரேனுக்குச் சீக்கிரமே நல்ல உத்தியோகம் கிடைத்து, பெற்றவர்களை உடன் வைத்துக்கொண்டு நூறு வயது வாழ என் ஆசீர்வாதம். மாதங்கி நமஸ்காரம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
பட்டாபி

பின்குறிப்பு: கவரை ஒட்டுகிற சமயம் போன் அடிச்சது. ஞாயித்துக்கிழமை இல்லையேன்னு நம்பி எடுத்தேன். தாங்கள்தான். நரேனுக்கு இங்கே சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்துவிட்டது, தாங்களும் அக்காவும் நங்கநல்லூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவனோடு வந்து குடியேறப் போகிறீர்கள், எங்கள் கட்டடத்திலேயே கீழ்ப் போர்ஷனை, வீட்டுக்காரர் நம்பரை மாதங்கியிடம் கேட்டு வாங்கி, ஏற்கனவே பேசி முடித்தாச்சு என்றீர்கள். "மாற்றலை ரத்து பண்ணிண்டு நீ அங்கேயே இரு, இனிமே போன் எதுக்கு, தினம் நேர்லயே பேசலாம், நீ டென்ஷன் ஆகாதே" என்றீர்கள். ஓடிப் போய்த் திரும்பி வந்துதான் இதை எழுதுகிறேன். மேலே எழுதினதையெல்லாம் எழுதாததாகப் பாவிக்கவும். ரத்து விண்ணப்பத்தைக் கிழித்தாச்சு, சென்னைக்குக் கிளம்புகிறேன். ஆபீஸில் எல்லோருக்கும் தங்கள் கல்கத்தா விலாசம் கொடுத்துவிட்டுப் போகிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே அனிமேஷ்தா வந்து, வயிறு எப்படி என்று கேட்பார். கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள். நல்ல மனுஷர்.