அக்கரையில் தங்கிய பொறுமை

மோட்டார் சைக்கிளில் நாடு நாடாகச் சுற்றுகிறவர்களில் ஓர் இனம் உண்டு. நான் வைத்திருக்கும் பெயர் பொறுமைப் பயணி. இவர் ஊர் பார்க்கப் போவதில்லை, தாமதப்படப் போகிறார். டயர் பஞ்சரானால் "பயணம் என்னை நிறுத்திப் பேசுகிறது" என்பார். எல்லைச் சாவடி அதிகாரி சாப்பிடப் போய்விட்டால் "காத்திருப்பதும் ஒரு பாதைதான்" என்பார். மழையில் செயின் அறுந்து சேற்றில் உட்கார நேர்ந்தாலும், போனைக் குச்சியில் மாட்டி, தலைமுடியைக் கோதிவிட்டு, கண்ணைப் பாதி மூடி, "பதறாத காரியம் சிதறாது நண்பர்களே" என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தேடுவார். ஸ்பேனர் வீட்டில் இருக்கும்.

அந்த வீட்டில் இந்த மகான் எப்படி? செருப்பு மாட்ட மனைவிக்கு ஒரு நிமிஷம் கூடிப்போனால் வாசலில் நின்று ஹாரன் அடிப்பார். ஊருக்குத்தானே உபதேசம்!

எனக்குத் தெரிந்த பொறுமைப் பயணிக்கு ஒரு மச்சினன். எலெக்ட்ரீசியன். ரொம்ப நாள் வேலையில்லாமல் அலைந்தவனுக்கு, தூரத்துத் துறைமுக நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை கேட்டில் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அக்கா படித்துப் படித்துச் சொன்னாள்: "பஸ்ல போடா. இவரை நம்பி ஏறாத."

"பஸ்ல போனா ஊர்தான் வரும். என்கூட வந்தா உலகமே வரும்," என்றார் பயணி.

உலகம் வந்தது. திங்கட்கிழமையும் கூடவே வந்துகொண்டிருந்தது. மலையில் திருப்பத்துக்குத் திருப்பம் இறங்கிச் சிந்தித்தார். சிந்தனை சரியாகப் பதிவாகவில்லை என்றால் மறுபடி ஒருமுறை சிந்தித்தார். பின்சீட்டிலிருந்து மச்சினன் "மாமா, திங்கக்கிழமை..." என்று வாயைத் திறந்தால் போதும், "பதறாத மாப்ள" என்று முடித்துவிடுவார்.

எப்படியோ ஞாயிறு மத்தியானம் பெரிய ஆறு வந்தது. வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகில் கடந்து, அக்கரையில் இறங்கியும்விட்டார்கள். இனி நேர்ரோடு. மச்சினனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அந்த நேரம் பார்த்துப் பயணி போனை எடுத்துப் பார்த்தார். படகிலிருந்து இறங்கிய காட்சி பதிவாகவே இல்லை!

"மாப்ள, போனைப் புடி. இங்கயே நின்னு எடு. நான் அந்தப் பக்கம் போயிட்டுத் திரும்ப வந்து இறங்குறேன்."

"அதான் வந்து சேந்துட்டோமே மாமா!"

"வந்தது நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

வண்டியோடு போனார். பழைய கரையில் இறங்கியதும் காற்று கிளம்பியது. படகுக்காரர் கயிற்றை இழுத்துக் கட்டினார். "இனி காத்து அடங்கினாத்தான். நாளைக்கோ, நாளன்னைக்கோ."

ஒரு பொறுமைப் பயணிக்கு இதைவிட நல்ல தாமதம் வாய்க்குமா? ஆறு, காற்று, தனிமை, எல்லாம் கேட்டு வாங்கியதுபோல் அமைந்திருந்தன. போன் மட்டும் அக்கரையில். பொறுமையும் அதோடு அங்கேயே தங்கிவிட்டது. மனிதர் குதித்தார். "நான் யார் தெரியுமா?" என்றார். டிக்கெட் கொடுப்பவரிடம் சண்டை போட்டு, பிறகு அவரிடமே போனை இரவல் வாங்கி, தன் நம்பருக்கே அடித்தார்.

"மாப்ள! என்னடா அங்க சத்தம்?"

"காய்கறி லாரி மாமா. ஏறிட்டேன். விடியறதுக்குள்ள போயிருவேன்."

"டேய், என் போன்டா!"

"பத்திரமா இருக்கு. பதறாதீங்க மாமா. பதறாத காரியம் சிதறாது."

மச்சினன் வேலையில் சேர்ந்துவிட்டான், நிம்மதி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன விடுமுறையில் கடற்கரைக்கு வந்து இறங்கிய குடும்பத்தை, "எல்லாரும் மறுபடி வண்டில ஏறுங்க, இப்பதான் வர்ற மாதிரி இறங்குங்க" என்று சொன்னது யார்? பதிலுக்கு அவசரமில்லை. பக்கத்தில் உங்கள் மச்சினன் இருந்தால் மட்டும் அவன் முகத்தை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.